குலசேகரத்தில் ஒரு ஹெவி மெட்டல் இசைத்தட்டு

ஹெவி மெட்டல் குழுக்கள் மேடையில் வாசிக்கும்போதே பதிவான பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவன் நான். ஒரு ஜெர்மானியக் குழுவின் தட்டைப் பதினோரு வருடமாகத் தேடினேன். மிகக் குறைவாக அச்சானது. அது குலசேகரத்தில் ஒரு வீட்டில் இருப்பதாக நண்பன் சொன்னான். போன ஜூனில், ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலில் காலை 7.40க்குப் பேருந்து. சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய். தக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இருபுறமும் ரப்பர் மரங்கள். ஜன்னல் கண்ணாடியில் பச்சை கரைந்து வழிந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். “ரப்பர் வாங்கத்தான் இங்க ஆளு வரும். பாட்டுத் தட்டு வாங்கவா வந்திய?” என்று ஓட்டுநர் சிரித்தார்.

தட்டை வைத்திருந்த ரோஸ்லின் அம்மா ஜெர்மனியில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவர். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்துவிட்டு, தலையணை உறைக்குள்ளிருந்து தட்டை எடுத்தார். விலையைச் சொன்னேன்.

“பைசா கெடக்கட்டு மக்கா. முதல்ல கேளு.”

ஊசி இறங்கியது. கிட்டார் இரைந்தது. கைதட்டல் எங்கே முடிகிறது, ஓட்டின் மேல் மழை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்து கூட்டம் அடங்கிய நொடியில் தொண்டை கிழிய ஒரு குரல்: “ஏட்டி ரோஸ்லினே!”

திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன்.

“எங்க வீட்டுக்காரருதான். கல்யாணம் கழிஞ்சு மூணாம் மாசம் இந்தக் கச்சேரிக்குப் போயிருந்தோம். கூட்டத்துல என்னக் காணலன்னு கெடந்து கூவுனாரு.”

அந்நேரம் மீன்பையும் குடையுமாக அவரே வந்து சேர்ந்தார்.

“இந்தத் தம்பிக்குத் தட்டக் குடுத்திரட்டா?” என்று ரோஸ்லின் அம்மா கேட்டார்.

கணவர் ஈரம் சொட்ட நின்றார். “நான் கூவுனது அதுலல்லா கெடக்கு.”

“ஆளு பக்கத்துலதான இருக்கேன்? இன்னும் என்னத்துக்குக் கூவணும்?”

“இன்னொருக்கப் போடு,” என்றார் அவர்.

மூவரும் கேட்டோம். அந்தக் குரல் வந்ததும் அவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். ரோஸ்லின் அம்மா ஜன்னல் வழியே மழையைப் பார்த்தபடி, மெதுவாக, “இங்கதான் நிக்கேன்,” என்றார்.

அதற்குப் பிறகு தட்டைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிப் பேருந்தில் வெறுங்கையோடு ஏறினேன். வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தட்டு தேடிப் போகிறவர்களுக்கு: ஜூனில் மழை விடாது, தட்டின் அட்டை நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை கொண்டுபோங்கள். விலை பேசுமுன் இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேளுங்கள். கேட்ட பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள்.