அரக்கனுக்குக் கிடைத்த முகம்

ஹெஸ்டர் பெல்ஷா மன்னிக்கத் தெரியாதவள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினொரு வருடம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மரக்கட்டை செதுக்கியவள் நான். அவள் மன்னித்திருந்தால்தான் எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்கும்.

லண்டனில், கிளார்க்கன்வெல் பகுதியில், ஆகஸ்டஸ் ப்ரூமின் பட்டறை. குழந்தைகளின் தேவதைக் கதைப் புத்தகங்களுக்குப் படம் தயாராகும் இடம். முதலில் தாளில் போட்ட படத்தைப் பார்த்து, வழவழப்பான கட்டையின்மேல் ப்ரூம் பென்சிலால் படத்தை இடவலம் மாற்றி வரைவார். கோடுகளை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் நாங்கள் உளியால் எடுத்துவிடுவோம். மேடாக நிற்கும் கோட்டில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால் படம் நேராக விழும். யார் எதைச் செதுக்குவது என்பதற்குக் கண்டிப்பான வரிசை உண்டு. கிழவர் ஃபிட்ச்சுக்கு வானமும் மேகமும். எனக்கு மரம், புல், சுவர். முகங்கள் மட்டும் ஹெஸ்டருக்கு. ஒரு மயிரிழை பிசகினாலும் இளவரசி கிழவியாகிவிடுவாள் என்பதால் வேறு யாரிடமும் ப்ரூம் முகத்தைக் கொடுத்ததில்லை.

ஹெஸ்டருக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு தங்கை ஜெமைமா. நெஞ்சு நோய்க்காரி. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே, தலையணையில் பலகையைச் சாய்த்துக்கொண்டு, அந்தப் பெண் பன்னிரண்டு படங்கள் வரைந்தாள். குழந்தைகளைப் பிடித்துத் தின்னும் அரக்கனின் கதைக்குப் படங்கள். ஹெஸ்டர் அவற்றை ஒரு துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்து ப்ரூமிடம் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது.

"ஒண்ணும் தேறல ஹெஸ்டர். குப்பையோட குப்பையா அடுப்புல போட்டுட்டேன். உன் தங்கச்சிய ஏதாவது பின்னல் வேலை கத்துக்கச் சொல்லு."

அதைக் கேட்டு ஜெமைமா அழக்கூட இல்லை. "அவ்வளவு மோசமாவா இருந்துச்சு அக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பென்சிலைத் தொடவே இல்லை. ஏப்ரல் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

செப்டம்பரில் ஹெஸ்டரின் மேஜைக்கு ஒரு கட்டை வந்தது. அரக்கனின் சமையலறை. அடுப்பின்மேல் மூடியைக் கயிற்றால் கட்டிய கெட்டில். பக்கத்தில் அரைக் காது போன பூனை. கீழ் மூலையில் ஆகஸ்டஸ் ப்ரூமின் கையெழுத்து.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டே?" என்றேன்.

"இது எங்க வீட்டுக் கெட்டில். எங்க பூனை. இது ஜெமைமாவோட படம். அந்த ஆள் பாத்துப் பாத்து வரைஞ்சு வெச்சிருக்கான்."

"போய் நேரா கேளேன்!"

"கேட்டா? கெட்டில் இல்லாத வீடு எதுன்னு சிரிப்பான். அவ வரைஞ்ச தாளையெல்லாம் எரிச்சாச்சு. மிச்சம் இருக்கிறது இந்தக் கட்டையில இருக்கிற பென்சில் கோடு. அதையும் நானேதான் செதுக்கி மைக்கு அடியில மறைக்கணும். என் தங்கச்சிக்கு இருக்கிற ஒரே சாட்சிய என் கையாலயே அழிக்கச் சொல்றான் பாரு."

அன்று மதியம் முழுவதும் அவள் கட்டையைப் பார்த்ததைவிட, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ப்ரூமைப் பார்த்ததே அதிகம். ப்ரூமுக்கு இடது புருவம் ஏறியிருக்கும், வலது இமை தொங்கும், மூக்கு ஒரு பக்கமாகக் கோணும். மூன்றாவது கட்டை முடிந்து மாதிரி அச்சு எடுத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"பாவி! அரக்கனுக்கு முதலாளி முகத்தை வெச்சிருக்கியே, பாத்துடுவாருடி!"

"பாக்க மாட்டான். அவன் முகத்தை அவன் எங்க பாத்திருக்கான்? கண்ணாடியில. இடம் வலம் மாறின முகம். கட்டையில இருக்கிறதும் அப்படித்தான், அதைப் பாத்தா சட்டுனு தெரிஞ்சுடும். ஆனா செதுக்கின கட்டைய அவன் எப்போ பாத்தான்? காகிதத்துல விழுறதைத்தானே பாப்பான். அதுல விழுறது நாம தினமும் பாக்கிற மூஞ்சி. அவனுக்கு அது யாரோ."

அவள் சொன்னபடியே நடந்தது. ப்ரூம் மாதிரி அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அடடா! இந்த அரக்கனைப் பாருங்கப்பா. கண்ணுல என்ன ஒரு திருட்டுத்தனம்! ஹெஸ்டர், இந்த மூஞ்சிய எங்க புடிச்சே?"

"பக்கத்துலதான் சார்."

ஃபிட்ச் கிழவருக்குப் புரையேறியது. நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே என் சிரிப்பையும் விழுங்கினேன்.

டிசம்பரில் புத்தகம் வந்தது. பதிப்பாளர் டாட்ரிட்ஜ் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ப்ரூம் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு போனார். டாட்ரிட்ஜின் ஆறு வயது மகள் அவரைக் கண்டதும் மேஜைக்கு அடியில் பாய்ந்தாள்.

"அப்பா! அவர் வந்துட்டாரு! என்னைத் தின்ன வந்துட்டாரு!"

பெரியவர்கள் முதலில் அதட்டினார்கள். பிறகு யாரோ புத்தகத்தை எடுத்து ப்ரூமின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த வேலைக்காரிகூட வாயைப் பொத்திக்கொண்டாளாம். ப்ரூம் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்குள் இரண்டு முகங்களும் ஒரே முகமாகத் தெரிந்தன.

ஜனவரி முதல் வேலைநாளில் அவர் ஹெஸ்டரின் மேஜையில் புத்தகத்தை அறைந்தார்.

"உன்னைக் கோர்ட்டுல நிறுத்துவேன்! நான் வரைஞ்சது இந்த முகம் இல்ல!"

"அப்படியா சார்? நீங்க வரைஞ்ச தாளைக் கொண்டாங்க. பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்."

ப்ரூம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்விட்டார். அவர் பார்த்து வரைந்த ஒரே தாள் ஜெமைமாவுடையது; எரித்த அதை எங்கிருந்து கொண்டுவருவார்?

அதன்பின் இரண்டு மாதம் அந்த மனிதர் பட்ட பாடு! தெருவில் பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடி ஒளிந்தார்கள். துணிந்த பிள்ளைகள் பின்னாலேயே வந்து உறுமினார்கள். ஓவியர் சங்கத்தில் இடம் கேட்டுப் போனார். "உங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குழந்தை கிடைக்காதே இங்க" என்று ஒருவர் சொல்ல, சபையே சிரித்து அனுப்பிவிட்டது. ஹெஸ்டர் ஒவ்வொரு செய்தியையும் என்னிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஆனால் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இன்னும் ப்ரூமின் பெயர்தானே இருந்தது.

மார்ச் மாதம் டாட்ரிட்ஜ் இரண்டாம் பதிப்பு கேட்டார். ப்ரூம் எங்கள் அறைக்கு வந்து, முதன்முறையாக, நின்றுகொண்டே பேசினார்.

"ஹெஸ்டர், முகம் இருக்கிற இடத்தைக் குடைஞ்சு எடுத்துட்டு, புதுத் துண்டு வெச்சு வேற முகம் செதுக்கிடு. வெளியில வேற ஆள்கிட்ட செதுக்கக் குடுத்தா ஊரே சிரிக்கும். என்ன வேணும்னு சொல்லு."

"முதல் பக்கத்துல என் தங்கச்சி பேரு. படங்கள் ஜெமைமா பெல்ஷான்னு. அச்சாகி என் கைக்கு வரணும். அப்புறம் பேசலாம்."

"அப்புறம் மாத்திடுவேல்ல?"

"முதல்ல பேரு வரட்டும் சார்."

ப்ரூம் டாட்ரிட்ஜிடம் போய் ஒரு நாடகம் ஆடினார். தன்னிடம் வரைந்த ஏழைப் பெண்ணாம், அகாலத்தில் செத்துப்போனாளாம், அவள் பெயரைப் போடாவிட்டால் தன் மனசு ஆறாதாம். டாட்ரிட்ஜ் கண் கலங்கி, புதிய முதல் பக்கத்தை அச்சடித்து, தானே பட்டறைக்கு எடுத்து வந்தார்.

ஹெஸ்டர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். தங்கையின் பெயரை எழுத்து எழுத்தாக விரலால் தடவினாள். ஜெமைமாவைப் புதைத்த அன்றுகூட அழாதவள், எல்லோர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து உளியை எடுத்தாள். வேறொரு புத்தகத்தின் கட்டையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

ப்ரூம் தொண்டையைக் கனைத்தார். "ஹெஸ்டர்... அந்த அரக்கன் முகம்... கொஞ்சம் மாத்தணும்னு சொன்னேனே..."

"முடியாது சார்."

"என்ன?"

"வரைஞ்சவங்க உத்தரவு இல்லாம ஒரு கோட்டைக்கூடத் தொடக் கூடாது. தொழில் அப்படி. படம் என் தங்கச்சியோடது, இதோ, புத்தகத்துலயே போட்டிருக்கு. அவகிட்ட கேக்கணும்னா நீங்கதான் போய்க் கேட்டுட்டு வரணும்."

"சரியாத்தான் சொல்றா ப்ரூம்," என்றார் அவர்களுக்குள் நடந்த பேரத்தை அறியாத டாட்ரிட்ஜ். "அந்த முகத்துல போய் எவனாவது கை வைப்பானா? பிள்ளைங்க அதுக்காகத்தான் வாங்குது."

ப்ரூம் என்னைப் பார்த்தார். ஃபிட்ச்சைப் பார்த்தார். நான் புல்லைச் செதுக்கினேன், ஃபிட்ச் மேகத்தைச் செதுக்கினார். டாட்ரிட்ஜ் தொப்பியை மாட்டிக்கொண்டு, மூவாயிரம் பிரதி அப்படியே அடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.