வாயால் சொன்ன தீர்ப்பு

உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தை பிராட்வே பஸ்ஸிலிருந்து பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழகான கட்டடம்தான், யார் இல்லை என்றது? அதற்குள் அப்பாவும் நானும் ஆறு வருஷம் நடந்தோம்.

கேட்டது பெரிய விஷயமில்லை. திருப்போரூர் பக்கத்தில் எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை. மனை போட்டவர்கள் அதன் குறுக்கே சுவர் எழுப்பி, கேட் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிணத்தை ஏரியில் இறங்கித்தான் தூக்கிப் போக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். தான் செத்தால் நேர் வழியாகப் போக வேண்டும் என்றுதான் அப்பா வழக்குப் போட்டார்.

எங்கள் வழக்கைக் கூப்பிடும்வரை காத்திருப்போம். சுவரில் பழைய நீதிபதிகளின் படங்கள். வக்கீல் ஒவ்வொரு படமாகக் காட்டி, இவர் வெள்ளைக்காரன் காலத்தவர், இவர் தீர்ப்பை இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறோம் என்று சரித்திரம் சொல்வார். சரித்திரம் கேட்கவா லீவு போட்டு வந்தேன்? அப்பா மட்டும் எல்லாப் படத்துக்கும் ஒரு கும்பிடு போடுவார்.

நாலாவது வருஷம், எனக்கு லீவு கிடைக்காத ஒரு நாளில், நீதிபதி அப்பாவையே முன்னால் கூப்பிட்டார். பிணத்தை எந்த வழியாக எடுத்துப் போகிறீர்கள் என்று தமிழில் கேட்டார். அப்பா இடுப்பில் கை வைத்துத் தண்ணீரின் அளவைக் காட்டினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இது அநியாயம்," என்றார்.

பிறகு இரண்டு தரப்பு வாதத்தையும் முடித்து, தீர்ப்பைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். அதை இங்கிலீஷில் சொன்னதால் அப்பாவுக்குப் புரியவில்லை. எங்கள் காலனிப் பஞ்சாயத்தில் காகிதம் கிடையாது. நடுவில் உட்கார்ந்தவர் வாயால் சொன்னால் அதுதான் தீர்ப்பு, அதை மீறி யாரும் நடந்ததில்லை. அப்பா நேராக வந்து, ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே ஒரு சாவு. பூட்டை உடைத்து, பறை அடித்து, நேர் வழியாகவே தூக்கிப் போனார்கள். மறுநாள் போலீஸ் அப்பாவைக் கூட்டிப் போனது. இன்ஸ்பெக்டர் ஆர்டர் காப்பி கேட்டார்.

"ஜட்ஜய்யாவே வாயால சொன்னாரு சார், காப்பி இன்னாத்துக்கு?"

ஸ்டேஷனே சிரித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்கவில்லை. பூட்டை உடைத்ததற்கு அப்பா மேல் வழக்குப் பதிவானது.

இன்று வரும் நாளை வரும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். அந்த நீதிபதிக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல்தான் வந்தது. வழியனுப்பு விழாவில் அவர் எழுதிய தீர்ப்புகளை எல்லோரும் புகழ்ந்து பேசியதைப் பேப்பரில் படித்தேன். எங்களுடையது அதில் இல்லை. அவர் எழுதாமல் போனதால் வழக்கை முதலிலிருந்து விசாரிக்க வேண்டுமாம். அவர் நல்ல மனுஷன் என்றார் வக்கீல். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நல்ல மனுஷனுக்கு எங்களுக்காக ஒரு பக்கம் எழுத நேரமில்லை.

போன கார்த்திகையில் அப்பா செத்துப்போனார். ஏரி நிரம்பிக் கிடந்தது. கேட் முன்னால் போலீஸ் நின்றது. பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள் காலனிப் பெரியவர்கள். போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் தண்ணீரில் இறங்கினேன். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தும் நடுவில் ஒரு பள்ளத்தில் சாய்ந்து, அப்பாவின் கால் நனைந்தது.

மனுதாரர் இறந்துவிட்டதால் அவர் இடத்தில் என் பெயரைச் சேர்த்தார்கள். தை மாதம் புது நீதிபதி முன்னால் நின்றேன். அவரும் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார். அப்பாவைத் தூக்கிப் போனதைச் சொன்னேன். கால் நனைந்ததையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அநியாயம்மா இது," என்றார்.

பேசாதே என்று வக்கீல் கை காட்டினார். நான் வக்கீல் பக்கம் திரும்பவேயில்லை.

"பேனாவ எடுங்க ஐயா," என்றேன். "அத எழுதிக் குடுங்க."