அத்தை மறுபடி மறுபடி கேட்ட கூத்து

ஒன்பது வயதில் நான் திருவனந்தபுரத்திலேயே பெரிய நடிகை. பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அரங்கம், கிழக்கேகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டின் பின்கட்டு. ரசிகைகள், மத்தியானச் சாப்பாடு முடிந்து அரிசி பொறுக்க வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர். சன்மானம், அத்தை டப்பாவிலிருந்து அள்ளித் தரும் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல். பால்காரரின் நடை, மலையாள வாத்தியாரின் தும்மல், ஆபீசில் மேலதிகாரி முன்னால் அப்பா குனிவதாக நானே கற்பனை செய்துகொண்ட குனிவு, எல்லாம் என் சரக்கு.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, நாஞ்சில்நாட்டிலிருந்து எங்களோடு வந்து அடுக்களையை ஏற்றுக்கொண்டவள். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்துவாள். அதையும் மீறிக்கொண்டு வரும்.

நாஞ்சில்நாடு தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று எங்கள் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். பள்ளிக்கூடம் லீவு. என்னை வீட்டில் விட்டுப்போனால் வீடு இருக்காது என்று பயந்து அம்மா பெண்கள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

அங்கே வரிசை நகரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து, காத்திருந்தவர்களைச் சுற்றி உட்காரச் சொன்னாள். கையில் இலவம்பஞ்சு அடைத்த சின்னத் துணிப்பை. அதற்குள் எங்கோ ஒரு கொட்டைப்பாக்கு. மார்பில் கட்டி வந்தால் பெண்கள் தாங்களே தடவிக் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம் நடத்தினாள். மாதம் ஒருமுறை, தீட்டுக் குளித்த பிறகு மல்லாந்து படுத்து, ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்து, மறுகையின் நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து வட்டம் வட்டமாக அழுத்த வேண்டும், அக்குளையும் விடக்கூடாது. உடம்பின் பெயரை அவள் உள்ளபடியே சொன்னபோது பெண்கள் எல்லாரும் சேர்ந்தாற்போலத் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும்தான் அவளைப் பார்த்தேன். சரக்கு சேர்க்க வேண்டாமா?

கடைசியாக விரலை ஆட்டிச் சொன்னாள். “வேதனையில்லாத்த முழயாணு கள்ளன். அவனெ கண்டால் அந்நுதன்னெ இவிடெ வரணம்.” வலிக்காத கட்டிதான் திருடன், அவனைக் கண்டால் அன்றைக்கே இங்கே வந்துவிட வேண்டும். எனக்கு நன்றாகவே புரிந்தது. பள்ளியில் மலையாளத்தில் நான்தான் முதல்.

வீடு திரும்பிய அம்மா, வெயில் தாங்கவில்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாரிடம் எடுத்துச் சொல்லும் விஷயமா அது? நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த மாதங்களில் மத்தியானம் முழுக்க அவளுக்குத் தூக்கம்.

மறுநாளே நாடகம் அரங்கேறியது. அப்பாவின் கண்ணாடியும், புளியங்கொட்டை ஒளித்த தலையணையுமாக நான் டாக்டரம்மா ஆனேன். விரல், வட்டம், அக்குள் எல்லாவற்றையும் அச்சாகச் செய்தேன். ஆனால் கடைசி இடம் எனக்கு ஒத்துவரவில்லை. வலிக்காத திருடனை வைத்துக்கொண்டு எந்த நடிகை என்ன செய்ய முடியும்? ஆகவே நான் நாடகத்தைத் திருத்தினேன். கொட்டை விரலில் பட்டதும் “அய்யோ, செத்தேன்!” என்று அலறித் தரையில் உருண்டேன். “இப்படி வலிச்சா ஓடி வரணும், கேட்டியளா?” என்றேன் டாக்டரம்மா குரலில். அரிசி முறங்கள் குலுங்கின. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன்பிறகு பால்காரரும் வாத்தியாரும் எடுபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இல்லாத நேரத்திலும் அத்தை கேட்பாள். “எட்டி, அந்த டாக்டரம்மைக்க கூத்த ஒருக்கா காட்டு மக்ளே. மெள்ளக் காட்டு. எந்த வெரலுன்னு சொன்னா?”

விரல்களை நீட்டிக் காட்டினேன். “பொறவு அக்குளா?” என்றாள். அக்குள்தான் என்றேன். உருண்டு முடித்தேன்.

ஒருநாள் அத்தை சிரிக்காமல் கேட்டாள். “வலி இல்லேன்னா?”

பெரிய நடிகைகள் கேள்விக்குத் திணறுவதில்லை. “வலி இல்லேன்னா வீட்டுக்குப் போயி சாம்பார் வையின்னு சொன்னா!”

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள், முந்தானையைக்கூட எடுக்காமல். அன்றைக்கு டப்பாவையே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வாழ்க்கையில் நான் வாங்கிய மிகப் பெரிய சன்மானம் அதுதான்.

தம்பி பிறந்தான், தவழ்ந்தான். அத்தை தேங்காயை இடது கையால் துருவத் தொடங்கினாள். அந்தத் துருவலையும் நடித்துக் காட்டினேன். அதற்கும் சிரித்தாள். அடுத்த ஓணம் கழிந்து ஒருநாள் அம்மாவிடம், “இப்பம் வலிக்கு” என்றாள். அதே ஆஸ்பத்திரி, அதே கண்ணாடி. அத்தையோடு உள்ளே போய்விட்டு வந்த அம்மா அப்பாவிடம் சொன்னாள். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று டாக்டரம்மா அத்தையைக் கேட்டாளாம். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாளாம். அறுத்தார்கள். அதற்குள் திருடன் வேறு அறைகளுக்கும் போய்விட்டிருந்தான்.

அத்தையைப் பின்கட்டிலேயே கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அரிசி பொறுக்க வந்தவர்கள் இப்போது கட்டிலைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரசிகைகள் இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையணையோடு கட்டில் அருகே போய் நின்றேன். வட்டம், அக்குள், அலறல், உருளல். “வலிச்சா ஓடி வரணும்! வலி இல்லேன்னா வீட்டுக்குப் போயி சாம்பார் வையி!”

கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கூத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“டாக்டர் அப்பிடியாட்டி சொன்னா?” என்றாள்.

“இது சிரிப்புக்கும்மா” என்றேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை அறைந்தாள். பிறகு அவளே உட்கார்ந்து, அதே கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். “மயினி, நானாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே” என்று அத்தையைப் பார்த்து அழுதாள்.

அத்தை எழ முயன்று முடியாமல், “பிள்ளய அடிக்காதட்டி. நல்லாத்தானே நடிச்சா” என்றாள்.

சிரிக்கவில்லை. வாய் வரைக்கும் முந்தானை போகவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அலறல் போதவில்லை போலிருக்கிறது, நாளைக்கு இன்னும் பலமாக அலற வேண்டும் என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே தீர்மானித்தேன்.