தாமதத் தாளில் ஒரு சொல்லுக்கு இடம்

தொழிற்சாலை பஸ் ஓட்டுவதென்றால், முப்பது பேருடைய தூக்கத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஜாசினில் புறப்பட்டு, பெம்பான் வழியாக, செங் தொழிற்பேட்டையின் ஏழு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். ஐந்தே முக்காலுக்கு ஏறுகிறவரிடம் வணக்கம் சொன்னால், பதில் வருவது ஆயர் குரோ தாண்டித்தான். நீங்களும் அப்படி ஒரு பஸ்ஸில் போனவர் என்றால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதி நடந்தபோது நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

எங்கள் பஸ் கம்பெனியில் தாமதத் தாள் என்று ஒன்று உண்டு. தொழிற்சாலை வாசலுக்குப் பிந்திப் போனால் ஓட்டுநர் காரணம் காட்ட வேண்டும். பஞ்சர், மழை, நெரிசல், விபத்து என்று நான்கு கட்டங்கள். ஒன்றில் டிக் போட்டால் போதும். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு சின்னக் கட்டம். என் கையெழுத்துக்கு அதில் ஒரு சொல்தான் அடங்கும். எங்களுக்கு நடப்பதெல்லாம் மற்றவைதான். அதற்கு ஏற்கெனவே இருக்கிற சொற்கள் போதாதபோது, புதுச் சொல் கொடுப்பவர் ராஜம்மா அக்கா.

பெம்பான் தாண்டியதும் இடப்பக்கம் செம்பனை மரங்களுக்குள் போகும் சாலையில், மூன்று கிலோமீட்டர் உள்ளே, அக்கா ஒருவர் மட்டும் ஏறுவார். கணவர் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப்பைப் பார்த்துக்கொள்வதால் இன்னும் அங்கே வீடு. அக்காவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வேறு பஸ்ஸும் அந்தப் பக்கம் வராது. ஒரு மாதத் தொடக்கத்தில் எங்கள் மேலாளர் சேகரன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த மாதம் மூன்று முறை பிந்தினால் தோட்டத்துக்குள் போவதை நிறுத்திவிட வேண்டும், ஒரே ஆளுக்காக இவ்வளவு தூரம் வளைய முடியாது. மறுநாள் அக்கா ஏறும்போது விஷயத்தைச் சொன்னேன். படியில் நின்றபடியே கேட்டார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"அப்ப என் வேலை உன் காலுக்கடியில இருக்குன்னு சொல்லு. பாத்து மிதி, தம்பி."

அயல்பஸ்வாசம்

பெம்பான் நிழற்குடைக்கு முன்னால் இரண்டு பஸ்கள் வரும். ஒன்று என்னுடையது. இன்னொன்று புக்கிட் ரம்பாய் போவது. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் நீலக்கோடு. விடியாத நேரத்தில் கோடும் தெரியாது. ஒருநாள் அறிமுகமில்லாத ஒருவர் ஏறி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஜாக்கெட்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். புது ஆள் என்று நான் நினைத்தேன். ஆயர் குரோ சிக்னலில் ஜாக்கெட் கீழே விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். முப்பது முகங்களில் ஒன்றுகூட அவருக்குத் தெரிந்ததாக இல்லை. இறந்துபோனவர்கள் கண் விழித்தால் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

புக்கிட் ரம்பாய் ஓட்டுநருக்குப் போன் போட்டு, செங் முச்சந்தியில் நிறுத்தி, பின்னால் வந்த அந்த பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிடம் போயிற்று. முதல் தாமதம். கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டதற்கு, ராஜம்மா அக்கா யோசிக்காமல் "அயல்பஸ்வாசம்" என்றார். பாண்டவர்கள் காட்டில் இருந்த மாதிரி அந்த ஆள் நம்மிடம் அரை மணி நேரம் இருந்தாராம். எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் சேகரன் போன் செய்தார்.

"மாறன், இது என்ன வியாதியா? எல்லாருக்கும் வந்திருக்கா?"

தலைக்குடியேற்றம்

இது தாமதம் ஆகவில்லை. ஆனாலும் பெயர் கிடைத்தது. ஸ்டோரில் வேலை பார்க்கும் சுப்பிரமணியம் அண்ணன் ஏறியதும் தூங்கிவிடுவார். அவர் தலை முதலில் ஜன்னல் பக்கம் போகும், பிறகு முன்னால் போகும், கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் தோளில் இறங்கும். அன்று பக்கத்தில் இருந்தது ஜெயந்தி. லைன் லீடர். அவர் பார்த்தாலே மெஷின் சத்தம் குறையும் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனுடைய தலை ஜெயந்தியின் தோளில் பத்திரமாக இருந்தது. ஜெயந்தி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் தேநீர் பிளாஸ்டிக் பை, ஸ்ட்ராவோடு. அதை வாய்க்குக் கொண்டுபோனால் தோள் அசையும் என்று அப்படியே பிடித்திருந்தார். வெளியே மூடுபனிக்குள் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன.

தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் அந்த இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நான் இன்ஜினை அணைத்தேன். சத்தம் நின்றதும் அண்ணன் தானாக எழுந்து, ஒன்றும் நடக்காதது போல இறங்கிப் போனார். ஏன் எழுப்பவில்லை என்று ஜெயந்தியிடம் கேட்டேன். ஆறிப்போன தேநீரை அப்போதுதான் உறிஞ்சினார்.

"எழுப்பியிருந்தா அவருக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். ரெண்டு வெக்கத்துக்கு ஒரு தோள் வலி பரவால்ல லா, அண்ணே."

சாட்சிமயக்கம்

இதில் குற்றவாளி நான்தான். அன்று ஜாசினில் யாரும் ஏறவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, டாக்டரிடம் எம்.சி. வாங்கி விடுப்பு எடுத்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். பெம்பான் நிழற்குடையிலும் யாரும் இல்லை. திரும்பிப் போகலாமா என்று யோசித்தபடியே தோட்டத்துக்குள் நுழைந்தேன். செம்பனைகளின் கீழே ஹெட்லைட் போய் நின்ற இடத்தில் ராஜம்மா அக்கா குடையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு நிம்மதி. அக்கா வந்திருக்கிறார், ஆகவே இன்று வேலை நாள்.

அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. ஏறி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நாற்பது இருக்கைகளின் நடுவில் அவர் ஒருவர். வழியில் இன்னும் நான்கு இடங்களில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஈரக்காற்று ஏறியது. வேறு யாரும் இல்லை. நாலாவது இடத்தில் அக்கா மெல்லக் கேட்டார், "எல்லாரும் எங்க தம்பி, ஒரேயடியா செத்துட்டாங்களா?" அப்போதும் எங்களுக்குத் தோன்றவில்லை. வாசலில் காவலாளி எங்களைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொது விடுமுறை. ஒரு வாரத்துக்கு முன்பே ஒட்டிய அறிவிப்பு பஸ் கதவிலேயே இருந்தது, எங்கள் இருவர் முகத்துக்கும் நேராக. திரும்பும்போது விடிந்திருந்தது. அந்தச் சாலையை வெளிச்சத்தில் அவ்வளவு காலியாக நான் பார்த்ததில்லை. அக்கா சொல்லையும் விளக்கத்தையும் சேர்த்தே கொடுத்தார்.

"சாட்சிமயக்கம். உன்னப் பாத்து நான் நம்புனேன், என்னப் பாத்து நீ நம்புன. ஒருத்தராவது கதவப் பாத்திருக்கலாம்."

பூட்டுத்தொற்று

மாதத்தின் மூன்றாவது வாரம். பஸ் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஜெயந்தி, "நான் கேட்டப் பூட்டுனேனா?" என்றார். கேள்வி யாரிடமும் இல்லை. ஆனால் அது ஒவ்வொரு இருக்கையாகப் பின்னால் போனது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்தார்கள். ஒருவர் சட்டைப்பையைத் தடவினார். ஒருவர் கேஸ் அடுப்பை நினைத்தார். சுப்பிரமணியம் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார், அவர் வீட்டில் கேட்டே கிடையாது. பெம்பான் விளிம்பில் இருக்கும் ஜெயந்தி வீட்டுக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் இந்த பஸ் நகரும் என்று எனக்குப் புரிந்தது. போனோம். கேட் பூட்டியிருந்தது. ஆறு நிமிடம். இரண்டாவது தாமதம்.

ராஜம்மா அக்கா சொல்லைக் கொடுத்தார். ஆனால் கொடுக்கும்போது சிரிக்கவில்லை. அன்று வழி முழுவதும் ஜெயந்தி அவர் பக்கம் பார்க்காமலே இருந்தார். தாளை வாங்கிப் பார்த்த சேகரன் அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"இன்னும் ஒன்னுதான், மாறன். அப்புறம் நான் ஒன்னும் செய்ய முடியாது."

காலிக் கட்டம்

அதன் பிறகு பஸ்ஸில் எல்லாரும் மாறிவிட்டார்கள். நான் வருவதற்கு முன்பே நிறுத்தத்தில் நின்றார்கள். கேட்டைப் பூட்டியதும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ராஜம்மா அக்காவின் நிறுத்தத்துக்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது, இறங்கப் போன அக்கா படியில் நின்று சத்தமாகச் சொன்னார்: "நாளைக்கு நான் வரல. ஆஸ்பத்திரியில கண்ணு பாக்கணும்." சரிக்கா, சரிக்கா என்று முப்பது பேரும் சொன்னோம்.

மறுநாள் தோட்டத்துக்குள் போனேன். நிறுத்தத்தில் அக்கா இல்லை. கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று. பின்னால் ஒவ்வொருவராக விழித்தார்கள். அக்கா பிந்தமாட்டாரே என்றார் ஒருவர். பாம்பு கீம்பு கடித்திருக்குமோ என்றார் இன்னொருவர். போன் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம்ணே, ஓடி வந்துக்கிட்டிருப்பாங்க, போன எடுக்கப் போயி விழுந்துருவாங்க" என்றார் ஜெயந்தி. அது நியாயமாகப் பட்டது. செம்பனைகளுக்கு நடுவே அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழைநீர் ஓலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான்கு நிமிடம் கழித்து ஜெயந்தியே பொறுக்க முடியாமல் போன் போட்டார். ஒலிபெருக்கியில் அக்காவின் தூக்கக் குரல் பஸ் முழுக்கக் கேட்டது: "நேத்தே சொன்னேனே!" நான் கதவை மூடி பஸ்ஸைத் திருப்பினேன். அன்று எவ்வளவு மிதித்தும் மூன்று நிமிடம் பிந்தினேன்.

தாளை நிரப்பும்போது கை நின்றது. சொல் கொடுப்பவர் விடுப்பில் இருந்தார். கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கொடுத்தேன். சேகரன் ஏன் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். இழுப்பறையிலிருந்து மற்ற இரண்டு தாள்களையும் எடுத்து, மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆளே இல்லாத எடத்துல முப்பது பேரு நாலு நிமிஷம் நின்னீங்கன்னா, அது ஸ்டாப்பு லா, மாறன். அத நான் எப்படி எடுக்கிறது?"

மறுநாள் ராஜம்மா அக்கா புதுக் கண்ணாடியோடு ஏறினார். ஜெயந்தி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பஸ் முழுக்கச் சொல்லுக்காகக் காத்திருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயர் குரோ சிக்னல் வந்தது, போனது. செங் வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இதுக்குப் பேரு வேணாம், தம்பி. பேரு வச்சா அடுத்த வாட்டி வேணும்னே செய்வீங்க."

இத்தனை வருடம் பஸ் ஓட்டிய பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாட்களைப் பற்றி எழுத எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது.