எட்டாவது நெரை

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது. எனக்கு நடந்தது. 1924ஆம் வருஷம், ஆடி மாதம், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

என் நாவல்களைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பெயர் அற்புதமலர். இருப்பது சென்னப்பட்டணம். பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஊவாவில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்து அறை ஒன்றில். பத்து வயதில் நெற்றியில் கயிறு மாட்டிக் கூடை சுமந்தவள். பிறகு பதுளை மிஷன் பள்ளிக்கூடம். பிறகு கப்பல். என் கதைகளில் பேய் வரும். கடைசி அத்தியாயத்தில் அது பேய் இல்லை என்று தெரியும். யாராவது வேட்டி கட்டிய ஆளாக இருக்கும், இல்லாவிட்டால் எவனோ ஒருவன் மனத்தில் கிடந்த பயம்தான் அப்படி நடமாடியிருக்கும். அதை எழுதித்தான் சோறு தின்கிறேன். இதற்கு மட்டும் அப்படி ஒரு கடைசி அத்தியாயம் இல்லை.

அக்காள் நேசராணியைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் இன்னும் அதே தோட்டத்தில், அதே லயத்தில், மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். போன அன்றே தெரிந்தது, ஊர் ஊராக இல்லை. அடுப்படியில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. ஏழாம் நம்பர் மலை.

தோட்டத்தில் தேயிலை போட்ட நிலத்துக்கு மலை என்றுதான் பெயர். நான் பிறந்த வருஷம் ஏழாம் மலையில் மண் சரிந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே புதைந்துபோனார்கள். அதற்குப் பிறகு அது காடாகக் கிடந்தது. புதுத் துரை வெளியாட்களை விட்டுச் செடியைக் கவ்வாத்து வெட்டித் திறந்துவிட்டான். கொழுந்து தளதளவென்று நின்றது. பறிக்க ஒருத்தியும் இறங்கவில்லை. விடியும் முன் அங்கே பொலி கேட்கிறது என்றார்கள்.

பொலி என்பது ஒன்றுமில்லை. கொழுந்துக்கு இறங்கும்போது முதல் கிள்ளுக்கு முன்னால் ஒருத்தி "பொலி" என்று குரல் கொடுப்பாள். விளைச்சல் பெருகட்டும் என்று அர்த்தம். மற்றவர்கள் பதிலுக்கு "பொலி" என்பார்கள். சொன்ன பிறகுதான் செடியில் கை வைப்பது. எங்கள் வாயில் அது தும்மல் மாதிரி, தானாக வரும்.

அன்று சாயங்காலம் சிங்கராயர் கங்காணி லயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு ஏழாம் மலைக்கு வராத குடும்பம் லயத்தக் காலி பண்ணணும். துரை உத்தரவு. நான் சொல்லல."

"நீங்க எப்பதான் சொந்தமா ஒண்ணு சொல்லியிருக்கீங்க" என்றாள் நேசராணி.

அவர் என் பக்கம் திரும்பினார். "மலரு, ஒன் கதையெல்லாம் இங்க படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம். பேயக் காட்டுற. கடைசியில வேட்டி கட்டுன ஆளுன்னு முடிச்சிடுற. இங்கயும் போய்ப் பாத்துச் சொல்லேன். ஒங்கக்கா பொழைச்சுக்கும்."

"பாத்துச் சொல்றேன்."

வேறு என்ன செய்வது? லயம் போனால் மூன்று பிள்ளைகளோடு அவள் தெருவில் நிற்க வேண்டும். பேய் இல்லை என்று காட்டிவிட்டால் பெண்கள் இறங்குவார்கள். ஆள் இருந்தால் பிடித்து வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பயம் இல்லை. கோபம்தான் இருந்தது.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளம் இன்னும் அடிக்கவில்லை. மழை பெய்து ஒன்றரை மாதம். பாதை புழுதி. ஆனால் ஏழாம் மலைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது ஈர மண் வாசனை.

பனிமூட்டம். நாலு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் மேல் நெரையில் நடந்தேன். நெரை என்றால் ஒரு பறிகாரிக்கு ஒதுக்கும் செடி வரிசை. வலது பக்கம் ஒரு வெள்ளைக் கல் வந்தது. யானை முதுகு மாதிரி பெரிய கல்.

அதைத் தாண்டினேன்.

அப்போது கேட்டது.

"பொலி..."

பெண் குரல். பக்கத்தில்தான்.

நான் யோசிக்கவில்லை. பட்டணம், பத்திரிகை, நாவல், எதுவும் நினைவில் இல்லை. வாய் அதுவாகத் திறந்தது.

"பொலி" என்றேன்.

கீழ் நெரையில் ஒருத்தி நிமிர்ந்தாள். தலையில் கம்பளி. முதுகில் கூடை. முகம் பனியில் சரியாகத் தெரியவில்லை.

"வந்துட்டியா. இவ்வளவு நேரமா ஒனக்கு?"

"நீ யாரு?" என்றேன்.

"நல்லா இருக்கே கேள்வி. மாரியாயிய யாருன்னு கேக்குறா பாருங்கடி."

பனிக்குள் சிரிப்புச் சத்தம். ஒருத்தி இல்லை. பல பேர்.

"வயித்து வலி தேவலையா?" என்றாள் அவள்.

எனக்கு எந்த வலியும் இல்லை. ஆள் மாற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் கம்பளியைப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பாக... சேற்றுத் தண்ணீர்.

"நெரை காத்துக் கெடக்கு. ஒன்னோடதையும் நாங்க ஏழு பேரா பறிக்கிறது? கைய வையி."

கீழே எல்லா நெரையிலும் கிள்ளும் சத்தம். டிக்... டிக்... டிக்...

குனிந்து பார்த்தேன். என் கை கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. உள்ளங்கை நிறைந்திருந்தது. கால் நகர்ந்துகொண்டே இருந்தது.

வெள்ளைக் கல்லைத் தேடினேன். பின்னால், பனி சற்றுக் கிழிந்த இடத்தில், வெகுதூரத்தில் மங்கலாக நின்றது.

"நான் பறிக்க வரல" என்றேன்.

டிக்... டிக்...

சத்தம் நின்றது.

"பொலி சொன்னியே."

"சொன்னேன். இப்ப போறேன்."

"நெரை முடியாம ஏறினா பேர வெட்டிருவாங்க, இன்னைக்குக் கூலி இல்ல."

"வெட்டட்டும்."

"எல்லாரும் நிக்கிறோம். நீ மட்டும் போவியா?"

குரலில் கோபம் இல்லை.

அதுதான் தாங்கவில்லை.

கையிலிருந்த கொழுந்தைத் தரையில் எறிந்தேன்.

"போவேன்."

திரும்பினேன்.

முதுகில் ஈரம் பட்டது...

ஒரு கை.

நான் நிற்கவில்லை.

கல் வந்தது.

தூரத்தில் தப்பு அடித்தது.

பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்றார்கள். சிங்கராயர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன மலரு, வேட்டியா சேலையா?"

"யாரும் போகக் கூடாது" என்றேன்.

அவர் சிரிப்பு போயிற்று. "நீயே பேய் இருக்குன்னா?"

"நான் பேயப் பத்திப் பேசல. மழையே இல்லாம அந்த மண்ணு ஈரமாக் கெடக்கு. மொதல்ல துரைய நடக்கச் சொல்லுங்க. அவரு நெரை முடிச்சு வந்தா இவங்க இறங்குவாங்க."

நேசராணி கூடையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு அடுத்தவள். பிறகு எல்லாரும்.

துரை குதிரையில் வந்தான். கத்தினான். யாரும் எழுந்திருக்கவில்லை. பனி விலகியிருந்தது. கங்காணியை இழுத்துக்கொண்டு தானே போனான். நானும் பின்னால் போனேன். வெள்ளைக் கல்லில் குதிரை நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை.

கல்லுக்கு அப்பால் நிலம் பத்தடிதான். அதிலும் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. அதற்குப் பிறகு வெறும் பள்ளம். பழைய சரிவு. அடி தெரியவில்லை.

மண்ணில் என் கால் தடம் விளிம்பு வரை போயிருந்தது. விளிம்பிலிருந்து திரும்பி வந்திருந்தது. நான் நடந்தது பத்தடி இல்லை, கல் மங்கலாகத் தெரியும் தூரம்.

துரை என்னைப் பார்த்தான். தடத்தைப் பார்த்தான். குதிரையைத் திருப்பினான். ஏழாம் மலையை மூடினார்கள். லயத்தை யாரும் காலி பண்ணவில்லை.

நான் புறப்படும் நாளில்தான் நேசராணியிடம் முழுவதும் சொன்னேன். வயிற்று வலி என்று கேட்டதைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஒங்கிட்ட சொன்னதே இல்லியா?"

"என்ன?"

"அந்த மலையில எட்டு நெரை. மேல் நெரை அம்மாவோடது. சரிஞ்ச அன்னைக்குக் காலையில, வயித்து வலிக்குது, கொஞ்சத்துல வந்துர்றேன்னு மாரியாயிகிட்ட சொல்லிட்டு லயத்துக்குத் திரும்பிட்டா. அன்னைக்குத்தான் நீ பொறந்த."

இப்போது பட்டணத்தில் இருக்கிறேன். இங்கே மலை இல்லை. தேயிலை கடையில் பொட்டலமாகத்தான் கிடைக்கிறது. விடியும் முன் எழுந்து எழுத உட்காருவது என் வழக்கம். ஜன்னல் பக்கம் ஈர மண் வாசனை வரும். பிறகு அந்தக் குரல். ஒரே ஒரு தடவை. அதன்பின், பதிலுக்கு நிற்பது போல ஒரு அமைதி.

வாய் தானாகத் திறக்கிறது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். அப்படியே எழுதுகிறேன். இதையும் அப்படித்தான் எழுதினேன்.