சாமி மாடத்து மாத்திரை

அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதற்கு அடுத்த கோடையில்தான் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்த வெள்ளத்தில் எங்கள் பீரோ மிதந்த கதையைத் தொடங்கினால் இது முடியாது. அது கிடக்கட்டும்.

தி. நகரில் ஒரு ஆஸ்பத்திரி. வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே காற்றடித்து, கேமரா விட்டுப் பார்த்து எடுப்பார்களாம். நான் ஈக்காட்டுத்தாங்கல் லேத்துப் பட்டறையில் காலம் தள்ளியவன். அவ்வளவு சின்ன ஓட்டைக்குள் கருவி எப்படித் திரும்பும் என்று கேட்டுக் கேட்டு, நர்ஸ் என்னைக் கண்டாலே வேறு பக்கம் போக ஆரம்பித்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயந்திரம் மயக்க மருந்து டாக்டரம்மா வந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிரஷருக்கு மட்டும்தான் என்றாள் இவள். தினமும் படுக்கப்போகுமுன் விபூதி பூசிக்கொண்டு, சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் தூக்க மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொள்வாள். பல வருஷப் பழக்கம். டாக்டரம்மா நகர்ந்ததும், அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது இன்னா மருந்தா? பக்கத்துக் கட்டில்காரி காதுல வுழுந்தா, பைத்தியத்துக்குத் துன்றேன்னு நினைச்சுக்குவா. நீ வாய மூடிக்கினு இருய்யா."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் வரைக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திரும்பி வந்து, திரையை இழுத்துவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்தார். திட்டவில்லை. அதுதான் மயக்க மருந்து இருக்கிறதே, இந்த மாத்திரை என்ன செய்துவிடும் என்று நானே கேட்டேன்.

"மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி, பயம் அடங்க ஒரு ஊசி போடுவோம் ஐயா. அதுவும் இவங்க மாத்திரையும் ஏறக்குறைய ஒரே வகை. எல்லாம் சேர்ந்தா மூச்சு மந்தமாகலாம், முழிக்க லேட்டாகலாம். தெரிஞ்சாத்தான் அளவு பாத்துப் போட முடியும்."

அன்றைக்கு ராத்திரி இவள் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்த ஊசி போட்டுத் தள்ளிக்கொண்டு போகும்போது, என் கையைப் பிடித்துச் சிரித்தாள்.

"நீ சொன்னதும் நல்லதுக்குத்தான்யா."

நல்லபடியாகக் கண் விழித்தாள். இரண்டு நாள் கழித்து அதைச் சொன்னால், அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறாள். அந்த ஊசி போட்டபின் நடப்பது நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்காதாம். வாயால் சொன்னது அவளுக்குள் எங்கேதான் போகும்? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போகிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், தூக்க மாத்திரையையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.