நாற்பத்தேழாம் குழி

மண்தின்னி என்ற பட்டப்பெயரைத் தனக்கு யார் வைத்தார்கள் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் பெயர் பொருத்தம்தான். மண் ஆய்வு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குழி தோண்டிய மனுஷர். தோண்டிய மண்ணில் ஒரு கிள்ளு எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைப்பார். நறநறத்தால் மணல், வழுக்கினால் களி. அவர் அங்கேயே சொல்லிவிட்டதைத்தான் ஆய்வுக்கூடம் ஒரு மாதம் கழித்துத் தாளில் அனுப்பும்.

அந்தப் பக்கம் முழுக்க மேடும் பள்ளமும்தான். எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த கரும்பாறை. அதன் மேல் மண். எல்லாம் ஒரே பாறை மக்கி வந்ததுதான், ஆனாலும் மேட்டில் ஓரடிச் சிவப்புச் சரளை, சரிவில் பழுப்பு மண், பள்ளத்தில் ஆள் ஆழத்துக்குக் கரிசல். மேட்டில் ஆடு மேயும், சரிவில் சோளம் நிற்கும், பள்ளத்தில் பருத்தி வெடிக்கும். ஒரு கோடையில் கரிசல் வெடிப்புக்குள் அவருடைய பேனா விழுந்துவிட்டது. கம்பி விட்டுத் துழாவியும் அகப்படவில்லை. மழைக்காலத்திலோ ஜீப் ஒரு அடி நகராது. இறங்கி நடந்தால் செருப்பில் களி அப்பி, செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனக்கும். அலுத்துக்கொண்டேதான் நடந்தார்கள், சிரித்துக்கொண்டேயும் நடந்தார்கள். இப்போதும் மழை வாசனை வந்தால் அவருக்குக் கால் பரபரக்கும். அந்த நாட்களுக்காக அவர் மனம் ஏங்காத நாளே இல்லை.

மனைவிக்கு மட்டும் கடைசி வரை ஒரு மனக்குறை. மகள் பிறந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு குத்து விழும். "அன்னிக்கு என்னவோ வேலை சீக்கிரம் முடிஞ்சதாம், அதனால வந்தாரு. இல்லன்னா உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதுதான் பார்த்திருப்பாரு." அவர் சிரித்து மழுப்புவார். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது.

மகள் இப்போது ஆசிரியை. அப்பா தோண்டிய குழிகளுக்கு எண் போட்டு அலுவலகம் வரைந்த மண் வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். ஒருநாள் மாலை அதன் முன்னால் அவரை நிறுத்தி, வாய் கொள்ளாத சிரிப்போடு ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அங்கேதான் மனை வாங்கியிருக்கிறார்களாம். வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தாளாம். மேட்டு நிலம், ஓரடிச் சரளை, கீழே பாறை. மூன்றடி அஸ்திவாரம் போதும் என்று கொத்தனாரிடமும் பேசி முடித்தாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு வெட்டுகிறார்கள்.

அவள் விரல் இருந்தது நாற்பத்தேழாம் குழியின் மேல்.

அப்படி ஒரு குழியே கிடையாது. வழக்கமாக இவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் அன்று எதிர் மேட்டில் இருந்தார். இவர் மண்வெட்டியை ஓங்கும் நேரத்தில் யாரும் அனுப்பாமலே பால்காரர் சைக்கிளில் வந்து, மனைவிக்கு வலி கண்டுவிட்டது, பத்து நாள் முன்கூட்டியே, என்றார். இவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். சுற்றிப் பார்த்தார்; மேடு, மேலே சிவப்பு. நாற்பத்தாறில் இருந்ததையே நாற்பத்தேழுக்கும் எழுதிவிட்டு ஓடினார். மேட்டிலும் சில இடத்தில் குழிவு இருக்கும், அங்கே தண்ணீர் நின்று கரிசல் கட்டும், மேலே சிவப்பு மண் அடித்து வந்து மூடியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். கரிசலில் மூன்றடி அஸ்திவாரம் போட்டால் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கி, இரண்டே வருடத்தில் சுவர் பிளந்து வாயைத் திறக்கும்.

மறுநாள் விடிந்ததும் பரணிலிருந்து ஆகரை இறக்கினார். மண்ணைத் துளைத்து எடுக்கிற அந்தத் திருகுக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுபது வயதில், மனைக்கு நடந்தார். முதல் முக்கால் அடி சிவப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டார். அடுத்த திருகலில் கறுப்பு வந்தது. ஒரு கிள்ளு எடுத்துப் பல்லில் வைத்தார். வழுக்கியது.

நான்கடி போயும் பாறை தட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது மகள் வந்து சேர்ந்தாள். சிவப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கறுப்புக் குவியலைப் பார்த்தாள். முகம் மாறியது.

"வரைபடத்துல சரளைன்னுதானே இருக்கு?"

"நான் எழுதினதுதான். தோண்டாம எழுதினேன்."

அவள் நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூடக் குழியை விட்டு ஏறாத மனுஷர் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். ஏன் தோண்டவில்லை என்று கேட்டாள். அவர் கம்பியிலிருந்த களியை விரலால் வழித்துக்கொண்டே இருந்தார்.

"பால்காரர் வந்து சொன்னாரு, நீ பொறக்கப் போறேன்னு. போட்டது போட்டபடி ஓடி வந்துட்டேன்."

"அப்போ வேலை சீக்கிரம் முடிஞ்சுதுன்னு சொன்னது?"

"தோண்டாம எழுதினேன்னு வெளியில தெரிஞ்சா வேலை போயிடும். உங்கம்மாகிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. அதான் அப்படிச் சொன்னேன். அப்புறம் சொல்ல வெட்கமாயிடுச்சு."

அவள் குனிந்து கறுப்பு மண்ணில் ஒரு கிள்ளு எடுத்து விரலிடுக்கில் உருட்டினாள். வீட்டை நினைத்துத்தான் கலங்குகிறாள் என்று அவர் நினைத்தார். தவறு தன்னுடையது, கொத்தனாரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"அம்மா சாகிற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்தாங்களேப்பா. ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம்தான். அவருக்கு இப்போதுதான் அது உறைத்தது. வேலை போய்விடுமே என்ற பயம் ஓய்வுபெற்ற அன்றே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் மனைவி எட்டு வருடம் கூடவே இருந்தாள். தினமும் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்துதான் காபி குடித்தார்கள்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஆகரின் மறு கைப்பிடியைப் பிடித்தாள். இருவரும் சுற்றிச் சுற்றித் திருகினார்கள். ஆறரை அடியில் 'டக்'கென்று பாறை தட்டியது. அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கொத்தனாரிடம் காட்டக் கொண்டுவந்திருந்த வரைபடத்தின் இன்னொரு பிரதியை மடியில் விரித்து, சொல்லுங்கள் என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காலத்தில் ஆய்வாளருக்குச் சொல்வது போலவே, நாற்பத்தேழாம் குழி என்று ஆரம்பித்தார்.